ஏற்காட்டு மலைச்சாலையில் எடுத்த உதிரும் கல் மணற்பாறையா?

கேள்வி இதுதான்: "சேலம் கன்னங்குறிச்சியில் வசிக்கிறோம். ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்து கிடந்த இடத்தில் என் மகள் ஒரு கல்லை எடுத்து வந்தாள். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். விரலால் தேய்த்தால் மணல் கொட்டுகிறது. தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்கிறது. பாடத்தில் படித்த மணற்பாறை இதுதான் என்கிறாள். பள்ளிக் கண்காட்சியில் 'படிவுப் பாறை' என்று எழுதி வைக்கலாமா? மணற்பாறையை உறுதியாக அடையாளம் காண்பது எப்படி?"

அப்படி எழுதி வைக்க வேண்டாம். எடுத்த இடம், நிறம், உதிரும் விதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரும்பாலும் மக்கிப்போன சார்னோகைட். சேர்வராயன் மலையின் உடம்பே அந்தப் பாறைதான். ஊரில் கருங்கல் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் ஒரு வகை. ஆனால் உங்கள் மகள் கவனித்த இரண்டு விஷயங்களும் சரியானவை. மணல் உதிர்வதும் அடுக்காகப் பெயர்வதும் கல்லைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் படும். அந்த இரண்டும் மணற்பாறையில் ஏன் வருகின்றன, உங்கள் கையில் இருக்கும் கல்லில் ஏன் வருகின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மணற்பாறை என்றால், வேறெங்கோ இருந்த பாறை உடைந்து, அந்தத் துகள்கள் நீராலோ காற்றாலோ இடம் பெயர்ந்து, ஓரிடத்தில் படிந்து, பிறகு இறுகிக் கல்லானது. துகளின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். அதைவிடப் பெரியவை கூழாங்கற்கள். அவை சேர்ந்து இறுகினால் அதற்கு வேறு பெயர். அதைவிடப் பொடியாக இருந்தால் வண்டல், களிமண். அளவுதான் இங்கே இலக்கணம். எந்தக் கனிமம் என்பது அடுத்த கேள்வி. ஆனாலும் பெரும்பாலான மணற்பாறைகளில் குவார்ட்ஸே மிகுந்திருக்கும். நம் பக்கத்து வயல்வரப்புகளில் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல் அந்தக் கனிமம்தான். பாறையில் இருக்கும் மற்றக் கனிமங்கள் வழியிலேயே மக்கிக் களிமண்ணாகிவிடும்; குவார்ட்ஸ் மட்டும் எளிதில் அழியாது. ஆற்றுமணல் குவார்ட்ஸ் மணலாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

ஆகவே ஒரு கல்லை மணற்பாறை என்று சொல்வதற்கு மூன்று சாட்சியங்கள் வேண்டும். துகள்கள் பயணம் செய்து வந்திருக்க வேண்டும். அவை படிந்த அடையாளம் இருக்க வேண்டும். துகளுக்கும் துகளுக்கும் இடையே அவற்றைப் பிணைத்த ஒரு பொருள் இருக்க வேண்டும். உதிர்கிறதா, என்ன நிறம் என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இனி உங்கள் கல்லுக்கு வருவோம். மலையேறும்போது சாலைக்காக வெட்டிய பாறைச் சுவரைப் பாருங்கள். புதிதாக உடைந்த இடத்தில் சார்னோகைட் கரும்பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், லேசாக எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது, ஃபெல்ஸ்பார் இருக்கிறது, இரும்பும் மக்னீசியமும் கொண்ட ஹைப்பர்ஸ்தீன் என்ற கரிய கனிமமும் இருக்கிறது. இதன்மேல் மழைநீர் தொடர்ந்து இறங்கும்போது ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்ல வெள்ளைக் களிமண்ணாகிறது. ஹைப்பர்ஸ்தீனில் உள்ள இரும்பு துருப்பிடித்து மஞ்சளும் பழுப்பும் பரவுகிறது. குவார்ட்ஸ் மட்டும் அப்படியே நிற்கிறது. சுற்றியிருந்தவை இளகிப்போனதால் அதற்குப் பிடிமானம் போய்விடுகிறது. நீங்கள் விரலால் தேய்க்கும்போது கொட்டுவது அந்தக் குவார்ட்ஸும் பாதி மக்கிய ஃபெல்ஸ்பாரும்தான். அதாவது அது எங்கிருந்தும் வந்த மணல் கிடையாது. பிறந்த இடத்திலேயே இருந்துகொண்டு, இப்போதுதான் மணலாக மாறிக்கொண்டிருக்கிறது. கிணறு வெட்டுகிறவர்களும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டுகிறவர்களும் மொரம்பு என்று சொல்லும் மண்ணில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான்.

ஓடு ஓடாகப் பெயர்வதற்கும் இதே மக்குதல்தான் காரணம். பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் இருக்கும். நீர் அந்த வெடிப்புகள் வழியே இறங்கி, நான்கு பக்கமிருந்தும் பாறைத் துண்டை அரிக்கும். மூலைகள் இரண்டு மூன்று பக்கமும் தாக்கப்படுவதால் அவை முதலில் கரைந்து, உள்ளே உருண்டையான ஒரு கெட்டிக் கல் மிஞ்சும். அதைச் சுற்றி ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரியும். கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில், செம்மண் சுவருக்குள் பெரிய உருண்டைப் பாறைகள் பதிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வேலையின் பாதிக் கட்டம் அது. இதை அடையாளம் காண எளிய வழி: ஓடு எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். மக்கியதால் வந்த ஓடு கல்லின் வெளிவடிவத்தைப் பின்பற்றி வளைந்து போகும். படிவு அடுக்கு கல்லின் வடிவத்தைச் சட்டை செய்யாது. கல் எப்படி உடைந்திருந்தாலும் அதன் ஊடாக நேராக ஓடும். இந்தப் பக்கம் தெரியும் கோடு அந்தப் பக்கமும் அதே தளத்தில் தெரியும். அதோடு அடுக்குக்கு அடுக்கு துகளின் பருமனோ நிறமோ மாறியிருக்கும்.

இப்போது வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை. கல்லின் வெளிப்பக்கத்தை நம்பாதீர்கள். அது வெயிலும் பாசியும் துருவும் பூசிய முகம். கல்லைப் பழந்துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, சுத்தியலால் ஒரே அடியில் உடையுங்கள். உள்முகத்தைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தில் எல்லாக் கல்லும் ஒன்றுபோலப் பளபளக்கும். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களிடம் இருக்கும் சிறு லென்ஸ் போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் அருகே கொண்டு வாருங்கள். பலரும் லென்ஸைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தலையைத் தூரத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எதுவும் தெரியாது.

மக்கிய சார்னோகைட்டாக இருந்தால் இதைக் காண்பீர்கள்: குவார்ட்ஸ் மணிகள் கோணல்மாணலாக, கூர்விளிம்போடு, சிறியதும் பெரியதுமாகக் கலந்திருக்கும். ஒரு மணியின் விளிம்பு அடுத்த மணியின் விளிம்புக்குள் புகுந்து பொருந்தியிருக்கும். உருகிய நிலையிலிருந்தோ கடும் வெப்பத்திலோ ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்த கனிமங்கள் அப்படித்தான் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். இடையிடையே ஃபெல்ஸ்பார் இருந்த கட்டங்கள் வெள்ளை மாவாக இருக்கும். ஊசியால் குத்தினால் நொறுங்கும். அங்கங்கே துருப்புள்ளிகள். சில நேரம் காக்காப்பொன் தகடு ஒன்றிரண்டு மின்னும். சிவந்த கார்னெட் மணிகூடக் கிடைக்கலாம். உண்மையான மணற்பாறையில் காட்சியே வேறு. மணிகள் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கும். முனைகள் மழுங்கியிருக்கும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்காது. இடையில் பிணைப்புப் பொருளோ வெறும் துளையோ தெரியும்.

உதிர்ந்த மணலையும் வீணாக்காதீர்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு நீர் ஊற்றிக் கலக்கிச் சாய்த்துவிடுங்கள். நீர் பால்போல் வெண்மையாகவோ காவி நிறமாகவோ கலங்கி, பலமுறை கழுவியும் தெளியவில்லை என்றால் ஃபெல்ஸ்பார் மக்கிய களிமண் நிறைய இருக்கிறது என்று பொருள். அடியில் தங்கிய மணலோடு காவிரி மணல் ஒரு சிட்டிகையை வேறொரு கிண்ணத்தில் வைத்து லென்ஸில் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் மகளுக்கு வேறு பாடமே வேண்டாம். ஆற்றில் உருண்டு வந்த மணிக்கும் பாறையிலிருந்து நேற்று பிரிந்த மணிக்கும் உள்ள வேறுபாடு அவளுக்கே தெரிந்துவிடும்.

உடைந்த முகத்தை விரலால் தடவிப் பார்ப்பதும் நல்ல சோதனை. மணற்பாறை உடையும்போது விரிசல் மணிகளைச் சுற்றிக்கொண்டு போகும்; பிணைப்புப் பொருள் மணியைவிட மெலிந்தது என்பதால் அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். அதனால் முகம் உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். அதே மணற்பாறை பூமிக்குள் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிக் குவார்ட்சைட் ஆகிவிட்டால், மணியும் பிணைப்பும் ஒரே வலிமை பெற்றுவிடும். அப்போது விரிசல் மணிகளை ஊடுருவிப் போகும். முகம் வழவழப்பாகக் கண்ணாடிபோல் மினுங்கும். கத்தியால் கீறிப் பார்ப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். குவார்ட்ஸ் மணி எஃகைவிடக் கடினமானது. ஆனால் தளர்ந்த மணற்பாறையில் கத்தி மணிகளைப் பெயர்த்துக்கொண்டு பள்ளம் போடும். பார்க்கிறவர் கல் மென்மையானது என்று முடிவு கட்டிவிடுவார். கடினமானது மணி, மெலிந்தது பிணைப்பு. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்வதில் பயன் இல்லை.

பிணைப்பு என்று சொன்னதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மணற்பாறையின் குணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. மணல் படிந்து, அதன்மேல் மேலும் மேலும் வண்டல் ஏறி, கீழே உள்ளது புதைகிறது. சுமையில் மணிகள் நெருங்குகின்றன. அவற்றின் இடைவெளிகளில் ஊறும் நிலத்தடி நீர் தன்னில் கரைந்திருப்பதை அங்கே படிய விடுகிறது. சுண்ணாம்பு படிந்தால் ஒரு விதம். இரும்பு ஆக்சைடு படிந்தால் இன்னொரு விதம். சிலிக்கா படிந்தால் கல் மிக உறுதியாகிவிடும். சிலிக்காப் பிணைப்பு பெரும்பாலும் 2, 3 கிலோமீட்டர் ஆழத்தில், வெப்பம் 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் வேகம் பிடிக்கிறது. களிமண் மட்டுமே பிணைத்திருந்தால் ஒரு மழைக்காலம் போதும், கல் கரைய ஆரம்பித்துவிடும். டெல்லி செங்கோட்டையில் இருக்கும் மணற்பாறையின் சிவப்பெல்லாம் மணலின் நிறம் என்று நினைப்பார்கள். மணல் மணிகள் பெரும்பாலும் நிறமற்றவை. அவற்றின்மேல் மெல்லியதாகப் படர்ந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. ஆகவே நிறத்தை வைத்து மணற்பாறை என்றோ மணற்பாறை அல்ல என்றோ சொல்லவே முடியாது. வெள்ளை, மஞ்சள், பச்சை, சாம்பல், கருஞ்சிவப்பு எல்லா நிறத்திலும் அது உண்டு.

சுண்ணாம்புப் பிணைப்பா என்று பார்க்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுவார்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னால் மட்டும் இதைச் செய்யட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: சேலத்துச் சமவெளியில் மண்ணுக்குள் சுக்கான்கல் நிறைய உண்டு. எந்தக் கல்லானாலும் சில காலம் மண்ணில் கிடந்தால் அதன்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்துவிடும். அந்தப் பூச்சில் அமிலம் விட்டுவிட்டு 'நுரைத்தது, சுண்ணாம்புப் பிணைப்பு' என்று எழுதிவிடக் கூடாது. உடைத்த உள்முகத்தில்தான் விட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கல் உறிஞ்சிக்கொள்கிறதா என்ற சோதனையும் புழக்கத்தில் இருக்கிறது. மணற்பாறை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் மக்கிய சார்னோகைட்டும் உறிஞ்சும், செங்கல்லும் உறிஞ்சும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சேலத்தில் மணற்பாறை என்று என்னிடம் கொண்டுவரும் கற்களில் மக்கிய கருங்கல்லுக்கு அடுத்தபடி வருவது, சொன்னால் ஏமாற்றமாக இருக்கும், இடித்த வீட்டின் சிமென்ட் காரை. ஓடையில் உருண்டு முனை மழுங்கிக் கிடந்தால் அசல் மணற்பாறைபோலவே இருக்கும். அதில் இருப்பது ஆற்றுமணல்தானே, மணிகளும் உருண்டையாக இருக்கும். அமிலம் விட்டால் நுரைக்கும். ஆனால் அடுக்கு இருக்காது. காற்றுக்குமிழ் விட்டுப்போன சிறு வட்டத் துளைகள் இருக்கும். ஏதாவது ஒரு பக்கம் கரண்டி இழுத்த தட்டையான முகமாகவோ சுண்ணாம்பு அடித்த முகமாகவோ இருக்கும்.

மலையுச்சியிலிருந்து கொண்டுவருகிறவர்கள் காட்டும் சிவந்த கல் வேறு. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிச் சமதளத்தில் பாக்சைட்டும் செம்புரைக்கல்லும் கிடக்கின்றன. அதே சார்னோகைட் நீண்ட காலம் வெயிலிலும் மழையிலும் ஊறி, சிலிக்காவையெல்லாம் இழந்து, அலுமினியமும் இரும்பும் மட்டும் மிஞ்சிய நிலை அது. துளைதுளையாக இருக்கும், பட்டாணி அளவு உருண்டைகள் தெரியும். அந்த உருண்டைகளை மணல் மணி என்று நினைத்துவிடுகிறார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே மண்தான்; கண்ணாடிபோல் மினுங்கும் குவார்ட்ஸ் கிடையாது. மூச்சை ஊதி முகர்ந்தால் களிமண் வாசனை வரும். ஏற்காடு அடிவாரத்து மேக்னசைட் சுரங்கப் பகுதியின் வெள்ளைக்கல்லை மணற்பாறையோடு குழப்ப வாய்ப்பே இல்லை. அதில் மணி என்று ஒன்றும் தெரியாது.

கஞ்சமலைக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சித்தர் கோயில் பக்கம் போனால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக ஒரு கனமான கல் கிடைக்கும். கறுப்புப் பட்டை மேக்னடைட் என்ற இரும்புத் தாது, காந்தம் ஒட்டும். வெள்ளைப் பட்டை குவார்ட்ஸ். அடுக்குகள் நேராக ஓடுகின்றன, குவார்ட்ஸும் இருக்கிறது, அப்படியானால் மணற்பாறைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அந்த அடுக்குகளின் தொடக்கம் உண்மையிலேயே ஒரு பழங்காலக் கடலடியில்தான். ஆனால் அங்கே மணல் வந்து படியவில்லை. நீரில் கரைந்திருந்த இரும்பும் சிலிக்காவும் மாறி மாறி வண்டலாகத் திரண்டு அடியில் இறங்கின. பின்னர் அது பூமிக்குள் ஆழப் புதைந்து, வெந்து, மடிந்து, முழுவதும் புதிய படிகங்களாக மாறிவிட்டது. இன்று அதை உருமாறிய பாறை என்றுதான் வகைப்படுத்த வேண்டும். ஆனாலும் சேலம் வட்டாரத்தில் படிவுப் பாறை வம்சத்தில் வந்த கல் ஒன்றைக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டால், நான் கஞ்சமலைக்குத்தான் அழைத்துப் போவேன்.

ஏன் இங்கே மணற்பாறை இல்லை? இந்தக் கேள்வியை உங்கள் மகள் கேட்கவில்லை; ஆனால் கண்காட்சியில் வைக்க வேண்டியது இதன் விடையைத்தான் என்று நினைக்கிறேன். சார்னோகைட் தரைமேல் உருவாகும் பாறை கிடையாது. சேர்வராயன் மலைப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் இன்றைய வடிவத்தை அடைந்தது. அதை இப்போது நாம் கையால் தொடுகிறோம் என்றால், அதன்மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் அரிக்கப்பட்டுப் போய்விட்டது என்று பொருள். இந்த நிலம் நெடுங்காலமாக மணலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வாங்கிச் சேர்த்து வைக்கவில்லை. மணற்பாறை உருவாக வேண்டுமானால் நிலம் தாழ வேண்டும், மணல் வந்து தங்க வேண்டும், அது புதைய வேண்டும். சேலத்தில் அது நடக்கவில்லை.

கொடுத்த மணல் எங்கே போகிறது என்பதை இன்றும் பின்தொடரலாம். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் மேட்டூர் அணைக்குக் கீழே காவிரியில் சேர்கின்றன. மலையிலிருந்து பிரிந்த குவார்ட்ஸ் மணி அந்த வழியாகப் போய் டெல்டாவிலோ வங்கக் கடலடியிலோ தங்குகிறது. மாவட்டத்தின் கிழக்குப் பகுதி நீர் வசிஷ்ட நதி வழியாக வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. இடையில் தடுப்பணைகளும் ஏரிகளும் பெரும்பகுதியைப் பிடித்து வைக்கின்றன, மீதியில் மனிதர்கள் அள்ளியது போக எவ்வளவு போகிறது என்பது வேறு கவலை. ஆனால் பாதை இதுதான். திருமணிமுத்தாற்றை இன்று சாக்கடையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு மலை கடலுக்குப் போகும் வழி அது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

நிஜ மணற்பாறையைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே போங்கள். அரியலூர், பெரம்பலூர் பகுதிக்குள் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் புகுந்திருந்தது. அது கொண்டுவந்து போட்ட மணற்பாறை, களிமண், சுண்ணாம்புப்பாறை அடுக்குகள், நம் ஊர்க் கருங்கல் வகைப் பாறைகளின் மேலேயே படிந்திருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை வெளியுலகுக்குத் தெரிவித்தார். இன்னும் கிழக்கே கடலூர் மணற்பாறை இருக்கிறது. அது வயதில் மிகவும் இளையது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே வரும் கெட்டியான அடுக்கு இதுதான். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரங்கள் புதைந்து கிடப்பதும் இதே பாறையில்தான். அந்த மரங்களுக்குக் கிளையும் இல்லை, வேரும் இல்லை. நின்ற இடத்தில் கல்லானவை அல்ல, வெள்ளம் அடித்து வந்து மணலோடு போட்டவை என்பதற்கு அதுவே அடையாளம். சாத்தனூர், திருவக்கரை இரண்டு இடமும் பாதுகாக்கப்பட்டவை. பார்க்கலாம், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

அங்கே போனால் சாலை வெட்டிய சுவரிலோ ஓடைக்கரையிலோ குறுக்கு அடுக்குகளைத் தேடுங்கள். கிடைமட்டமான இரண்டு அடுக்குகளுக்கு நடுவில், சாய்வாகச் சிறு கோடுகள் வரிசையாக ஓடும். நீரோட்டம் மணலைத் தள்ளிக்கொண்டு போய்ச் சரிவின் முன்பக்கம் கொட்டிய தடம் அது. கோடுகள் எந்தப் பக்கம் கீழ்நோக்கிச் சாய்கின்றனவோ அந்தப் பக்கம் நீர் ஓடியது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஓர் ஆறு எந்தத் திசையில் ஓடியது என்று ஒரு பள்ளிச் சிறுமி கையை நீட்டிக் காட்ட முடியும். மக்கிய கருங்கல்லில் இதை ஒருநாளும் பார்க்க முடியாது.

இரண்டு கல்லின் குணமும் காலப்போக்கில் எப்படி வேறுபடுகிறது என்பதற்கு இரண்டு கைலாசநாதர் கோயில்களைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். காஞ்சிபுரத்தில் இராசசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் அடித்தளம் கருங்கல். மேலே பெரும்பகுதி மணற்பாறை. மணற்பாறை உளிக்கு எளிதில் இணங்கும். அதனால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் மழைநீரும் உப்பும் அதன் துளைகளுக்குள் ஏறி இறங்கி மணிகளைத் தளர்த்திவிட்டன. பல சிற்பங்களின் முகம் கரைந்திருக்கிறது; பிற்காலத்தில் மேலே காரை பூசியிருக்கிறார்கள். நம் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் கருங்கல். அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் காலத்துச் சிற்பங்களில் விரல் நகமும் அணிகலனின் மணியும் இன்றும் கூர்மையாக நிற்கின்றன. தாரமங்கலம் வயதில் பல நூற்றாண்டு இளையது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், துளையில்லாத கல்லுக்குள் நீர் நுழைய முடியாது என்பதுதான் முக்கியக் காரணம்.

சரி, கண்காட்சிக்கு. மணற்பாறை மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் சேலத்தில் கல் விற்கும் கடைகளில் கேளுங்கள். வீட்டு முகப்பில் ஒட்டுவதற்காக ராஜஸ்தானிலிருந்து வரும் ஜோத்பூர் கல், தோல்பூர் கல் இரண்டும் மணற்பாறை. வெட்டி ஒதுக்கிய துண்டு ஒன்றைக் கேட்டால் கொடுப்பார்கள். முகப்புக் கல் என்ற பெயரில் குவார்ட்சைட்டும் சிலேட்டும் விற்பனைக்கு வருவதால், மேலே சொன்னபடி லென்ஸில் பார்த்துவிட்டு வாங்குங்கள். சமையல் மேடையில் போடும் கடப்பாக் கல் மணற்பாறை அல்ல. அது சுண்ணாம்புப்பாறை வகை, ஆனால் அதுவும் படிவுப் பாறைதான். ஆக, ஊரில் கிடைக்காத இரண்டு படிவுப் பாறைகளும் கடைத்தெருவில் கிடைத்துவிடும்.

ஆனால் மேசையின் நடுவில் உங்கள் மகள் எடுத்து வந்த கல்லையே வையுங்கள். ஒரு பக்கம் மக்காத சார்னோகைட் துண்டு ஒன்று. ஜல்லிக் குவியலில் கரும்பச்சையாகப் பார்த்து எடுத்தால் போதும். மறுபக்கம் கழுவிய ஆற்றுமணல் ஒரு கிண்ணம். கடைசியில் ஜோத்பூர் மணற்பாறைத் துண்டு. அவள் எடுத்த கல்லின் அட்டையில் 'மக்கிய சார்னோகைட், ஏற்காட்டுச் சாலை, உருமாறிய பாறை' என்று எழுதட்டும். எடுத்த இடத்தையும் தேதியையும் எழுத மறக்க வேண்டாம். இடம் தெரியாத கல்லால் யாருக்கும் பயன் இல்லை. பெயரில் இன்னும் ஐயம் இருந்தால் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. உடைத்த உள்முகத்தோடு கல்லை எடுத்துப் போங்கள், சீவி நுண்ணோக்கியில் வைத்தால் மணிகள் பொருந்தியிருக்கும் விதம் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். மழைக்காலத்தில் மட்டும் அந்த மலைச்சாலைச் சரிவுகளின் கீழே நின்று கல் எடுக்காதீர்கள். மேலே இருப்பதும் இதே மக்கிய பாறைதான், தண்ணீர் குடித்தால் அது எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது.